பருவம் என்னுஞ் சொல்லாராய்ச்சி

சைவ நன்மக்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கப்படுவதொரு வாக்கியம் உண்டு. "பருவம் வரும்போது அருள் தானே வரும்" என்பது அது. சொற்பொழிவாளர் இதனை மேடையிற் கூறுவர், கேட்போர் தலையசைப்பர். பின்னர், நாடோறுஞ் செய்துவந்த பூசையைக் கைவிட்டவரும், திருமுறையைத் தொட்டுப் பலநாளானவரும், "நமக்கு இன்னும் பருவம் வரவில்லை போலும்" என்று தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொள்வர். இவ்வாறு ஒரு சொல் சோம்பலுக்குத் தலையணையாதல் கண்டு வாளா இருத்தல் தமிழ் கற்றார்க்கு இயல்பன்று. அவ்வாக்கியத்தில் ஆராய்தற்குரிய சொற்கள் இரண்டு: ஒன்று 'பருவம்', மற்றொன்று 'தானே'. பின்னதன்கண் உள்ள பிழை முன்னதன் பொருளைப் பிறழக் கொண்டமையான் விளைந்தது என்பது எமது துணிபு. ஆதலின் முன்னதனையே முதற்கண் எடுத்துக்கொள்வாம்.

பருவம் என்றால் காலம் என்பதே பலரும் கூறும் பொருள். நிகண்டு கற்ற சிறுவனும் அவ்வாறே விடையிறுப்பான். அது முழுப்பிழையும் அன்று. ஆயினும் ஒன்றனைச் சித்தாந்தம் பயின்றோர் மறத்தலாகாது. காலம் என்பது நம் நூல்களில் வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று. மாயையினின்றுந் தோன்றி, சென்றது நிகழ்வது வருவது என முக்கூறாய் நின்று, வினைப்பயனை வரையறுத்து ஊட்டுவது, சடமாயது. பருவமாவது இக்காலமே எனின், 'பருவத்தில் அருள் வரும்' என்னும் வாக்கியம் 'மாயாகாரியமாகிய ஒரு சடதத்துவம் ஆணையிட, இறைவன் அருள் அதற்கு அடங்கி வரும்' என்று பொருள்பட்டு முடியும். காலங்கடந்த முதல்வனைக் காலத்துக்கு ஏவலனாக்கும் இக்கொள்கையைச் சைவர் எவரும் உடன்படார். சொல்லின் பொருளை நெகிழ விட்டமையால் வந்த கேடு இத்துணை.

இனி இச்சொல்லின் பிறப்பை நோக்குவாம். வடமொழியிற் 'பர்வம்' என்னுஞ் சொல் உண்டு. மூங்கில் கரும்பு முதலியவற்றின் கணு, உடலின் மூட்டு, நூலின் பகுதி, திங்கள் மாறும் உவா நாள் என்பன அதன் பொருள்கள். ஒன்றனைத் துணித்து எல்லை குறிக்கும் இடமே அதன் கருத்து. பருவம் இதன் திரிபே என்று கொள்ளும் அகராதியாளர் உளர். மற்றொரு சாரார், பருத்தல் என்னும் வினைக்கு முதனிலையாகிய 'பரு' என்பதனடியாகப் பிறந்த செந்தமிழ்ச் சொல்லே அஃது என்பர். பருமை, பருமன் என்பன அப்பகுதியின. இளையோர் முகத்திற் காணும் பருவும் அதன் இனமே. அஃது இன்ன வயதில் எழும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் இகழ்ந்து எழுதியன போதும். இரண்டு கட்சியாருக்கும் இடமுண்டு என்பதே எம் கருத்து. பாரதத்தின் ஆதிபருவம், சபாபருவம் என்பவற்றில் உள்ள பருவம் ஐயமின்றி வடசொல்லே; ஆண்டுப் பருத்தலும் இல்லை, முதிர்தலும் இல்லை; நூல் கணுக்கணுவாகப் பகுக்கப்பட்டமையே உண்டு. உவா நாளைக் குறிக்கும் பருவமும் அதுவே. ஆனால் 'நெல் பால்பிடிக்கும் பருவம்' என்று உழவன் கூறும்போதும், பெண்மகள் பருவமெய்தினாள் என்று இல்லத்தார் கூறும்போதும், உலா நூல்களிற் பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழு பருவம் வகுக்கும்போதும், எல்லைக் கோடன்று, உள்ளிருந்து நிகழும் வளர்ச்சியே கருத்தாகும். ஒரே நாளில் நட்ட இரு வயல்களுள் ஒன்று பால்பிடிக்கும், மற்றொன்று பிடியாது. காலம் இரண்டிற்கும் ஒன்று, பருவம் வேறு.

ஒரே எழுத்துக்கோவை இருவேறு சொற்களைத் தாங்குமோ என்று ஐயுறுவார் தூத்துக்குடிக்கு வருக. அந்நகரத்துச் சங்கரராமேசுவரர் திருக்கோயிலில் அம்மை திருநாமம் பாகம்பிரியாள். ஈண்டுப் பாகம் என்பது கூறு. இறைவன் திருமேனியில் இடப்பாதி. அக்கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கடற்கரையில் பரதவர் கடலின் ஆழத்தைப் பாகம் என்னும் அளவால் அளப்பர். இருகையையும் நீட்டிய அளவு ஒரு பாகம். மடைப்பள்ளியார்க்குப் பாகம் என்பது சமையல். நம் ஆசிரியர் 'மலபரிபாகம்' என்பதிலுள்ள பாகம் இம்மூன்றாவதன் இனமாய், சமைதல், கனிதல் என்னும் பொருட்டாய் நிற்பது. ஒரு தெருவிற்குள் மூன்று பாகம் உலவக்கூடுமாயின், ஒரு மொழிக்குள் இரண்டு பருவம் உலவுதலில் வியப்பென்னை?

காலத்தைக் குறிக்கும் பிற தமிழ்ச் சொற்களும் இதற்குச் சான்று பகரும். 'போது' என்பது நேரத்தையுங் குறிக்கும். அலரும் நிலையிலுள்ள அரும்பையுங் குறிக்கும். 'செவ்வி' என்பது தக்க சமயத்தையுங் குறிக்கும். புதுமலரின் அழகையுங் குறிக்கும். கிரேக்க மொழியில் 'ஹோரா' என்பது பருவகாலத்திற்கும் நேரத்திற்கும் பெயர். நம் சோதிட நூலாரின் ஓரை அதன்வழி வந்ததே. அதனடியாக அமைந்த 'ஹோராயோஸ்' என்னுஞ் சொல்லுக்குப் பருவத்தில் விளைந்தது, கனிந்தது, அழகியது என்பன பொருள். செவ்வி என்பதன் உடன்பிறப்பு என்றே அதனைக் கூறலாம்.

இதற்கு மாறாக, எல்லையாற் காலத்தைக் குறிக்கும் சொற்களும் உள. 'வேலா' என்னும் வடசொல் கரை, எல்லை, அலையேற்றம், நேரம் ஆகிய எல்லாவற்றையுங் குறிக்கும். தமிழில் வேலை எனக் கடலுக்கும், வேளை எனப் பொழுதுக்கும் அது வந்து வழங்குகின்றது. ஆங்கிலத்தில் இன்று கடலின் ஏற்ற வற்றத்தைக் குறிக்கும் 'டைடு' என்பதும் பண்டு காலம் என்னும் பொருளதே. அராபிய மாலுமிகள் கடலோடுதற்குரிய காலத்தை 'மவுசிம்' என்றனர். அடையாளமிடுதல், சூட்டுக்கோலாற் குறியிடுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. போர்த்துகேசியர் வாயில் அது 'மொன்சாவ்' ஆகி, ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று. அதனையே பள்ளி நூலார் பருவக்காற்று என்று தமிழ்ப்படுத்தினர். கடற்றொழிலாளரோ வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றிற்கும் அதனதன் பெயரே இட்டழைப்பர். இலத்தீன் மொழியில் 'ஒப்பொர்த்தூனுஸ்' என்பது துறைமுகத்தை நோக்கி வீசும் காற்றிற்கு அடையாய் நின்ற சொல். ஆங்கிலங் கற்ற நம் இளைஞர் நாடோறும் வழங்கும் 'ஆப்பர்ச்சூனிட்டி' அதன் வழிவந்தது. ஒரு துறைமுக நகரத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி இது. ஆயினும் அக்காற்று கப்பலுக்குப் புறத்தே வீசுவது. கப்பல் அதனாற் கனிவதில்லை. பருவம் அகத்தே நிகழ்வது. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

வள்ளுவனார் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தனர். அது 49-ஆம் அதிகாரம். அதிகாரப் பெயரிலே காலம் என்றவர், அதனுள் வரும் பத்துக் குறட்பாக்களில் இரண்டிடத்து மட்டும் பருவம் என்னுஞ் சொல்லைப் பெய்தனர்: இரண்டாம் பாட்டிலும் பத்தாம் பாட்டிலும். பரிமேலழகர் ஈரிடத்தும் காலம் என்றே உரை கொண்டனர். அவ்வுரையாசிரியர்பால் எமக்குள்ள மதிப்பு பெரிது. எனினும் ஈண்டு ஒரு நயம் நழுவிற்று என்றே கூறவேண்டும். அவ்வதிகாரத்தில் காலம் வருமிடமெல்லாம் அறிதல், கருதுதல், பார்த்தல் என்னும் அறிவுத்தொழில்களே அதனோடு இயைகின்றன. பருவம் வருமிடத்திலோ ஒட்டி ஒழுகுதலும், கூம்பியிருத்தலுமே இயைகின்றன. காலம் காணப்படுவது, பருவம் வாழப்படுவது. முன்னதில் அவ்வொழுக்கத்தை அவர் செல்வத்தைக் கட்டும் கயிறாக உருவகித்தார். கட்டுதல் கணந்தோறுஞ் செய்யவேண்டுந் தொழில்; கைவிட்ட கயிறு கட்டாது. பின்னதில் கொக்கை உவமை காட்டினார். பலரும் எண்ணுவது போலக் குத்தும் நேரத்திற்கு அவர் பருவம் என்று பெயரிடவில்லை. கூம்பி நிற்கும் நிலைக்கே இட்டனர். நிற்றல் சும்மா இருத்தலன்று. ஆற்றோரம் கொக்கு நிற்றலை உற்றுநோக்கினார்க்கு இது விளங்கும். மடியாய்க் கிடப்பவனுக்கு இக்குறள்கள் துணைசெய்யா.

சங்கச் செய்யுட்களிலும் இதற்கு ஒரு நல்ல சான்றுண்டு. முல்லைத்திணையில் 'பருவம் அன்றென வற்புறுத்தல்' என்றொரு துறை உளது. கார்காலத்தில் மீள்வேன் என்று பிரிந்த தலைவன் வந்திலன், மழை பெய்துவிட்டது, கொன்றையும் பூத்துவிட்டது. தலைவி வருந்துகின்றாள். தோழியோ, இது கார்ப்பருவம் அன்று. காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கண்டு கொன்றை மயங்கிப் பூத்தது என்கின்றாள். குறுந்தொகையில் கோவர்த்தனார் பாடிய 66-ஆம் பாட்டு இத்துறையது. தோழி கூற்றுப் பொய்யாயினும், அப்பொய் பொருந்துதற்கு ஓர் இலக்கணம் வேண்டுமன்றோ? மழை பெய்தல் ஒன்றே பருவமாகாது என்பதைப் பேசுவோரும் கேட்போரும் உடன்பட்டிருந்தாலன்றி அப்பாட்டு நடவாது. சிவபெருமானுக்குரிய கொன்றையே ஈண்டுச் சான்றாய் வந்தமை நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இவ்வளவும் ஏட்டுச் சான்று. இச்சொல்லின் முழுப்பொருளைக் கண்கூடாகக் காட்டிய தொழில் ஒன்று தென்பாண்டிக் கடற்கரையில் இரண்டாயிரம் ஆண்டு நடந்தது. அதுவே முத்துக்குளித்தல். கொற்கையைக் 'கொல்கோய்' என்று குறித்த கிரேக்கப் பயணநூலாகிய பெரிப்புளூசு, ஆண்டு முத்துக்குளித்தற்குக் குற்றவாளிகள் ஏவப்பட்டமையைக் கூறும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடங்கி மே நடுவரை அத்தொழில் நடந்தமையை எழுதியுள்ளார். கொற்கை தூர்ந்து காயல் எழுந்து, காயலும் தூர்ந்து தூத்துக்குடி தலையெடுத்தபின்னும், தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை இசுலாமியரும் அத்தொழிலில் வல்லுநராய் விளங்கினர்.

முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர். சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். முத்துச்சிப்பியின் வாழ்நாள் பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டே. நான்காம் ஆண்டிற்கு முன் எடுத்தால் முத்து விதையளவினதாய் விலைபெறாது. ஆறாம் ஆண்டையுங் கடக்க விட்டாலோ சிப்பி இறந்து வாய்திறக்க, முத்து மணலிற் சிந்திப்போம். எடுத்தற்குரிய நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அது மேலிருந்து நோக்குவார்க்குத் தோன்றாது. ஆதலால் அரசினர் பார்களைச் சோதித்து, சில ஆயிரஞ் சிப்பிகளை மாதிரிக்கென எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை வல்ல வணிகரைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரஞ் சிப்பிக்கு இன்ன விலை தேறும் என்று தெளிந்த பின்னரே சலாபம் கூறுவர். மற்றொரு நிபந்தனையும் உண்டு. வாடை ஓய்ந்து, கச்சான் எழுமுன் கடல் தெளிந்து அடங்கியிருக்கும் பங்குனி சித்திரைத் திங்கள்களிலேதான் குளித்தல் இயலும். கல்லைக் காலிற் கோத்துக் கயிற்றைப் பிடித்து ஐந்து முதற் பத்துப் பாகம் வரை இறங்கி, ஒரு மூச்சிற்குள், அதாவது ஒரு நிமிடம் முன்பின்னாக, கைக்கெட்டிய சிப்பிகளை வாரிக்கொண்டு மேலெழவேண்டிய ஒருவனுக்குக் கலங்கிய கடல் எமனாகும்.

எனவே உள்ளே சிப்பி முற்றியிருத்தலும், வெளியே கடல் அடங்கியிருத்தலும் கூடியவழியே சலாபப் பருவம். ஒன்று மாத்திரம் போதாது. சென்னை அரசாங்கத்தார் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் தூத்துக்குடியிற் சலாபம் நடத்தினர். அதற்குப்பின் பங்குனி அறுபதுக்கு மேற்பட்ட முறை வந்து போயிற்று. கடலும் ஆண்டுதோறும் அடங்கிற்று. சலாபப் பருவம் வரவில்லை. பருவமாவது காலமே என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

முத்தின் பிறப்பைப்பற்றி மக்கள் கொண்ட எண்ணங்களும் இச்சொல்லின் இரு பொருள்களைப் போலவே இரண்டாய் நின்றன. சுவாதி நாளில் வீழும் மழைத்துளி சிப்பியின் வாயிற் புக்கு முத்தாம் என்பது கவிமரபு. உரோம நாட்டுப் பிளினியும் பனித்துளியால் சிப்பி கருக்கொள்ளும் என்று எழுதினார். இஃது உவா நாட் பருவத்தைப் போல்வது: நாள் வந்தது, துளி வீழ்ந்தது, முத்தாயிற்று. மற்றது முத்தைச் சூலாகக் காணும் எண்ணம். திருச்செந்தூர் முருகன் பிள்ளைத்தமிழ் பாடிய பகழிக்கூத்தர், முத்தப் பருவத்தில் சங்கு சூலுளைந்து முத்துயிர்த்தலைக் கூறி, கடல்முத்து முதலிய முத்துக்களுக்கெல்லாம் விலையுண்டு, முருகா நின் கனிவாய் முத்தத்துக்கு விலையில்லை என்று அமைத்தனர். முத்து, முத்தம் என்னும் சிலேடை மட்டுமே அதன் அழகு என்று கருதுவார் பலர். சூல் என்னும் எண்ணமே அதன் உயிர் என்பது எம் கருத்து. நாள் நிரம்பி, நொந்து, பெறப்படுவது சூல். இக்கால விலங்கு நூலார், சிப்பியின் உடற்போர்வையின் அணுக்கள் இடம்பெயர்ந்து உள்ளே பையாகி, அதன்கண் முத்துப்பொருள் படலம் படலமாகச் சுரந்து படிதலால் முத்து உண்டாதலைக் கண்டனர். சுவாதித் துளி கவிஞர்க்கு இருக்கட்டும். கடல் பகழிக்கூத்தர் பக்கம்.

1973-இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் முத்தை வளர்த்தெடுத்தனர். சிறுமணியொன்றையும் வேறொரு சிப்பியின் போர்வைத் துண்டையும் சிப்பியினுள்ளே வைத்து அவர்கள் அதனைச் செய்தனர். மனிதன் கையால் வித்திட்டபோதும் இரண்டு தவிர்க்கப்படவில்லை: எந்தச் சிப்பி அம்மணியை ஏற்கும் நிலையில் உள்ளது என்று தேர்ந்தெடுத்தல், வைத்தபின் மாதங்கள் பல காத்திருத்தல்.

இனிச் சித்தாந்தத்திற்கு வருவாம். ஆன்மாவுக்கு அருள் பதியும் முறையில் இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என்று மூன்று கூறப்படும். பரிபாகம், பக்குவம் என்னுஞ் சொற்கள் இரண்டும் சமைத்தற் பொருட்டாகிய ஒரே வினையடியிற் பிறந்தவை. சத்திநிபாதம் என்பதில் நிபாதம் வீழ்தல். மேனின்று அருள் பதிதல். ஒன்று உள்ளே முற்றுவது. ஒன்று மேலிருந்து வருவது. முற்றிய சிப்பியும் அடங்கிய கடலும் போல இவ்விரண்டும் கூடுமிடமே நம் நூலார் கருதிய பருவம். இங்ஙனங் கொள்ளின், காலதத்துவத்துக்கு இறைவன் அடங்கினான் என்னுங் குற்றம் ஒழியும். தோழமையாக வழங்கும் இப்பருவமும் பக்குவமும் ஒலியால் வேறாயினும் கருத்தால் ஒருவயிற்றுப் பிறந்தன போல்வன.

ஆனால் உவமையை எல்லைகடந்து இழுத்தல் ஆகாது. முத்துச்சிப்பி உயிருடைப் பொருள்; அது தானே முற்றும். மலமோ சடம். சடம் தானே முற்றாது. முற்றுவிப்பான் ஒருவன் வேண்டும். இறைவனது திரோதான சத்தியே மலத்தோடு உடனின்று, வினைகளை நுகர்வித்து நுகர்வித்து, அதன் மறைக்கும் வலியைத் தேய்த்து, கழித்தற்குரிய நிலைக்கு அதனைக் கொணர்கின்றது. மறைத்தலே போலத் தோன்றினும் அது கருணையே என்று நம் ஆசிரியர் கூறியதன் கருத்து இதுவே. 'தானே வரும்' என்பார் பிழை இவ்விடத்தே வெளிப்படும். தானே முற்றுவது எதுவும் இங்கில்லை. அடுப்பிலேற்றாத அரிசி எத்துணைக் காலம் பானையுட் கிடப்பினும் சோறாகாது. காலம் கழிந்தது, பாகம் வரவில்லை. சரியை, கிரியை, யோகங்கள் எரியும் விறகு. விறகு சோறாவதில்லை; விறகின்றிச் சோறும் இல்லை. விறகை அடுப்பினின்றும் இழுத்துப்போட்டுவிட்டு, "பாகம் வரும்போது வரும்" என்று மடைப்பள்ளிக்காரன் கூறுவானாயின் அவனை யார் பொறுப்பர்?

இதற்கு மறுதலையான பிழையும் இக்காலத்து மிகுந்து வருகின்றது. பஞ்சாங்கத்தில் ஒரு நல்ல நாளைக் குறித்து, அந்நாளில் வந்தார்க்கெல்லாம் தீக்கை என்று விளம்பரஞ் செய்தலை யாம் கண்டிருக்கின்றோம். நாள் நல்லதாக வேண்டுவதே. கலங்கிய கடலில் யாரும் குளியார். ஆனால் பாரைச் சோதியாது சலாபம் கூறிய அதிகாரியைப் போன்றவர் அங்ஙனஞ் செய்வோர். மாணாக்கனைப் பலகாற் சோதித்து, அவன் நிலையறிந்து தீக்கை செய்க என்று ஆகமங்கள் விதித்தன. மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று சத்திநிபாதத்தை நால்வகைப்படுத்தியதும் நிலை ஒவ்வொருவருக்கும் வேறாதல் பற்றியே. ஒரு நாள் எல்லார்க்கும் பொது. ஒரு நிலை எல்லார்க்கும் பொதுவன்று. நாளே போதுமாயின் இவ்வகைப்பாடு எதற்கு?

பருவம் வயதன்று என்பதற்கு நம் சந்தான மரபே சான்று. மெய்கண்டார் மழலை மாறாத இளமையில் உபதேசம் பெற்றார் என்பது வரலாறு. அவருக்கு மாணாக்கராய் அமைந்த அருணந்தி சிவாசாரியரோ, அவர் குடும்பத்துக்கே குருவாய் இருந்த முதியவர். சகலாகம பண்டிதர் என்று பெயர்பெற்றவர். ஆணவத்தின் நிலை யாது என்று நின்று கேட்ட முதியவருக்கு, நீ நிற்கும் நிலையே அது என்று குழந்தை உணர்த்திற்று. காலக்கணக்கில் ஆசிரியர் பின்னவர், பருவக்கணக்கில் முன்னவர். திருஞானசம்பந்தருக்கு மூன்றாண்டு, திருநாவுக்கரசருக்குச் சூலைநோய் வருமளவும் காத்திருப்பு, சுந்தரருக்கு மணப்பந்தர். மூவருக்கும் ஒரே நாளைப் பஞ்சாங்கத்திற் காட்டுவார் யாவர்?

இக்கடற்கரைக்கு உரியவர் ஒருவரையும் கூறவேண்டும். தாமிரவருணிக் கரையில் சீவைகுண்டத்தில் தோன்றிய குமரகுருபரர் ஐந்தாண்டளவும் வாய்பேசாதிருந்தார். பெற்றோர் திருச்செந்தூர்க்குக் கொணர்ந்து கிடத்த, செந்திலாண்டவன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பர். ஐந்தாண்டு என்னுங் கணக்கை மட்டும் பற்றிக்கொண்டு, பருவம் வந்தது, பேசினார் என்று கூறுவார்க்கு ஒன்று கேட்போம். அவ்வைந்தாண்டும் அப்பெற்றோர் என்செய்தனர்? வீட்டில் இருந்திலர், செந்தூர்க்கு நடந்தனர், விரதங்கிடந்தனர். அவர் தருமபுரம் மாசிலாமணி தேசிகரை அடைந்தபோதும் உடனே துறவு அருளப்படவில்லை. காசியாத்திரை விதிக்கப்பட்டு, அதற்கு மாறாகச் சிதம்பர வாசம் வேண்டப்பட்டது. ஆசிரியர் பாரைச் சோதித்தார் என்றே யாம் கொள்வோம்.

சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம், வேடரிடை வளர்ந்த அரசன் மகனைத் தந்தையே வந்து உணர்த்துதல் போல முதல்வன் குருவாய் வந்து உணர்த்துவன் என்று கூறுமிடத்து, தவத்தை அதற்குக் காரணமாக வைத்தது. சூத்திரத்தில் அச்சொல் சிறிது, பொறுப்போ பெரிது. அதனை விடுத்துப் பருவத்தை மட்டும் எடுத்துப் பேசுவோர் மூலத்தைப் பாதி படித்தவராவர். இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பெயராய் அமைந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1935-இல் சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்டவர் என்பதை அந்நகரத்தாரே பலர் அறியார். கப்பலோட்டியதை அறிந்தோர் அவ்வுரையையும் ஒருமுறை புரட்டி நோக்குவாராக.

அகராதி தொகுப்போர்க்கு ஒரு விண்ணப்பம். பருவம் என்பதை இரண்டு தலைச்சொற்களாகப் பிரித்துப் பதித்தல் வேண்டும். முதலாவதன்கீழ்ப் பாரதப் பருவமும் உவா நாட் பருவமும் அடங்குக. வடசொல் என்னுங் குறிப்பும் அதற்கே உரியதாகுக. இரண்டாவதன்கீழ்ப் பயிரின் பருவமும், மகளிர் பருவமும், பிள்ளைத்தமிழ்ப் பருவம் பத்தும், சலாபப் பருவமும், அருள் பதியும் பருவமும் அடங்குக. அவ்விரண்டாவதன் இறுதியில் 'பக்குவம், பரிபாகம் என்பன காண்க' என்று ஒரு குறிப்பு இருத்தல் நலம். 'காலம் காண்க' என்று அங்கே எழுதவேண்டா.